சுடுதண்ணி மட்டுந்தான்

போன மாதம் எங்கள் குசினி சிங்க் அடைத்துக்கொண்டது. இதெல்லாம் பத்திரிகையில் எழுதும் விஷயமா என்று கேட்பீர்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சனிக்கிழமை. என் மனைவி வதனி பாரை மீன் பொரித்த சட்டியைக் கழுவிவிட்டு நிமிர்ந்தாள். தண்ணீர் இறங்கவில்லை. எண்ணெய் மிதக்க, அப்படியே நின்றது.

"நவாஸுக்குக் கோல் எடுங்கோ" என்றாள்.

நவாஸ் கிண்ணியாவிலிருந்து வரும் பைப் பாஸ். எட்டு வருடமாக உவர்மலையில் எங்கள் வீட்டுக் குழாய்களை அவர்தான் பார்க்கிறார். ஒரு கோல் எடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பித்தவன். ஒரு சிங்க் அடைப்புக்கு ஆள் பிடிப்பதா?

"ஒருத்தரும் தேவையில்லை. நான் பார்க்கிறன்."

"கண்டதையும் ஊத்தாதேங்கோ, சொல்லிப்போட்டன்" என்றுவிட்டு அவள் கோயிலுக்குப் போய்விட்டாள்.

போனில் வீடியோ பார்த்தேன். அப்பச்சோடா, அதன்மேல் வினாகிரி. ஊற்றியதும் நுரை பொங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர்தான் அசையவில்லை. ஒரு கேத்தல் கொதிநீரும் ஊற்றினேன். ம்ஹூம்.

அத்தோடு விட்டிருக்கலாம்...

வதனி ஒரு காலத்தில் சவர்க்காரம் செய்யப் பழகினாள். அப்போது வாங்கிய கோஸ்டிக் சோடா அலுமாரியின் மேல்தட்டில் டின்னோடு கிடந்தது. தோலில் பட்டால் அரித்துவிடும் என்பதால் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, கவனமாகக் கரைத்து ஊற்றினேன். எனக்கு எல்லாம் தெரியும் அல்லவா! கொழுப்போடு கோஸ்டிக் சேர்ந்தால் சவர்க்காரமாகும் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன். அடைப்பு அதற்குப் பிறகு இன்னும் இறுகிவிட்டது. குழாய்க்குள் நானே ஒரு சவர்க்காரக் கட்டி செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை, வேறு வழியில்லாமல் நவாஸைக் கூப்பிட்டேன்.

வந்தார். பையை இறக்கி வைத்தார். குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"சேர், உள்ளுக்கு ஏதும் ஊத்தினீங்களா?"

வதனி அடுப்படியில் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இல்லை... சுடுதண்ணி மட்டுந்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இத்தனை நாளாக யோசிக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. மனைவிக்கு முன்னால் வெட்கம். அவ்வளவுதான். படித்தவன், படிப்பித்தவன் — ஒரு சிங்கிடம் தோற்றுப்போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படியும் இரவு முழுக்கத் தண்ணீரில் கலந்து வீரியம் போயிருக்கும் என்று மனம் ஒரு சமாதானமும் சொன்னது. இரசாயனவியல் அப்படிச் சொல்லவில்லை. மனம்தான் சொன்னது.

நவாஸ் சிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்துப் படுத்தார். வளைந்த குழாயின் மூடியைத் திருகினார். தேங்கி நின்றது மொத்தமாகக் கொட்டியது. கையில் பட்டது. முகத்திலும் தெறித்தது.

"அல்லாஹ்! கண்... சேர், கண் எரியுது!"

நான் நின்றேன். அந்த இரண்டு மூன்று நொடி நான் ஒன்றுமே செய்யாமல் நின்றேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

வதனிதான் அவரைத் தோளில் பிடித்து வெளிக்குழாயடிக்கு இழுத்துப் போனாள். ஹோஸைத் திறந்தாள். "தம்பி, கண்ணை மூடாதேங்கோ. திறந்து பிடியுங்கோ, தண்ணி ஓடட்டும்." பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "என்ன ஊத்தினனீங்கள்?"

"கோஸ்டிக்" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தேன்.

அவள் தண்ணீரை மட்டும் நிறுத்தாமல் விட்டாள். நான் வினாகிரிப் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். காரத்துக்கு அமிலம் என்று மூளை சொல்லியிருக்க வேண்டும். "அதை அங்கால வையுங்கோ!" என்று கத்தினாள். நல்லவேளை, வைத்துவிட்டேன்; இல்லாவிட்டால் புண்பட்ட கண்ணில் அமிலமும் சேர்ந்திருக்கும்.

வெகுநேரம் கழுவிய பிறகு ஓட்டோ பிடித்து நானும் நவாஸும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கே ஒரு இளம் பெண் டொக்டர் அவருடைய இமையை விரித்துப் பார்த்தபடி கேட்டார்.

"கண்ணில என்ன பட்டது?"

நான் வாய் திறப்பதற்குள் நவாஸ் பதில் சொன்னார்.

"சுடுதண்ணி ஊத்தின பைப், டொக்டர். சேர் சொன்னார்."

கண் எரிந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் அவர் என்னை நம்பிக்கொண்டிருந்தார்.

"இல்லை டொக்டர்" என்றேன். "கோஸ்டிக் சோடா. நான்தான் ஊற்றினேன். இவருக்குச் சொல்லவில்லை."

நவாஸ் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். டொக்டர் மீண்டும் கண்ணைக் கழுவச் சொன்னார்.

அவரை வார்டில் வைத்துக்கொண்டார்கள். கைப் புண் ஆறிவிட்டது. தோல் மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. வலது கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இடது கண்ணில் மங்கல் இன்னும் முழுதாகப் போகவில்லை. போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்கிறார்கள்.

போன வாரம் பஸ் ஏறி, பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். நவாஸ் கதிரை போட்டார். அவருடைய மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமலே உள்ளே போனார். எனக்கு அது சரியாகவே பட்டது.

"நவாஸ், நான் செய்தது பெரிய பிழை" என்றேன்.

"ஊத்தினது பிழையில்ல சேர். எல்லா வீட்டிலயும் என்னத்தையாவது ஊத்துறாங்கதானே. அதுக்குத்தான் நான் போன உடன கேக்கிற." பிளேன்டீக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "கண்ணாடி பேக்லதான் சேர் இருந்திச்சி. கையுறையும் இருந்திச்சி. சொல்லியிருந்தீங்கண்டா போட்டிருப்பன்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

தேநீரைக் குடித்து முடித்தேன். புறப்படும்போது, "சிங்க் சரியா சேர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். மச்சானை அனுப்புகிறேன் என்றார். அனுப்பியும் விட்டார். மச்சான் ஒரு கம்பியும் ரப்பர் பம்பும் கொண்டுவந்து அரைமணி நேரத்தில் வேலையை முடித்தார். அவர் செருப்பைக் கழற்றும் முன்பே, வாசலில் வைத்தே, ஊற்றியது அத்தனையையும் ஒப்புவித்துவிட்டேன். யாருக்கு என்ன பயன்?

நீங்களும் வீட்டில் எதையாவது ஊற்றுவீர்கள். ஊற்றாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் குனிந்து வேலை செய்யப் போகிறவர் ஒரு கேள்வி கேட்டால், தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால், வதனியிடம் கொஞ்ச நேரம் ஏச்சு வாங்கியிருப்பேன். அவ்வளவுதான்!