ஏழு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கோடை

அந்தக் கோடையில் மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்தவள் என் மனைவி. நான் ஸ்கூட்டரில் அவளுக்குப் பின்னால் போனவன். ஆனாலும் வைகாசி பிறப்பதற்குள் இருவரில் யார் அதிகம் களைத்துப்போனோம் என்று கேட்டால் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

அவள் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எனக்கு அதே ஊரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு மனைவி மைதானத்தில் நடக்கத் தொடங்கினாள். நடை ஓட்டமானது. நாற்பத்து நான்கு வயதில் பத்து கிலோமீட்டர் ஓடினாள், அடுத்து இருபத்தொன்று. பங்குனியில் ஒரு சாயங்காலம் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தான், மதுரைல ஆவணி மாசம் மாரத்தான் வச்சிருக்காங்க. நாப்பத்திரெண்டு கிலோமீட்டர். பேரு குடுத்துட்டேன்."

"குடுக்கப் போறியா, குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

ஆவணியில் ஓட்டம் என்றால் சித்திரையும் வைகாசியும் பயிற்சி. இதை அவளும் யோசித்திருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். யோசித்திருந்தாலும் பெயர் கொடுத்திருப்பாள்.

முதல் வாரம் தனியாகத்தான் போனாள். ஒரு நாள் நான்கு நாய்கள் துரத்தி, சுடிதாரின் கீழ்ப்பக்கம் கிழிந்து வந்தாள். மறுநாள் பைக்கில் வந்த இரண்டு பேர் வேகத்தைக் குறைத்து அவள் கூடவே கொஞ்ச தூரம் வந்திருக்கிறார்கள். அதைச் சொன்னபோது அவள் குரலில் பெரிய பயம் ஒன்றும் இல்லை. நான்தான் "நாளையிலிருந்து நான் வாரேன்" என்றேன். அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. பிற்பாடு அவள் என்னை இழுத்துக்கொண்டு அலைவதுபோல நடந்துகொண்டேன் என்பதால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

நாலு மணிக்கு அலாரம். எழுந்ததும் ஒரு டம்ளர் கேப்பைக் கூழ், ஒரு வாழைப்பழம். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு பையில் உப்புக் கரைசல், தண்ணீர்ப் பாட்டில்கள், துண்டு, அவளுடைய போன், நாய்களுக்காக ஒரு கம்பு. அவள் ஏழு, ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவாள். அந்த வேகத்தில் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வண்டி ஆடும். ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஆக்சிலேட்டரைத் திருகியும் திருகாமலும் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. கீழேயிருந்து இன்ஜின் சூடு முழங்காலில் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட ஓட்டம். மேலப்பாளையம் தாண்டி, முன்னீர்பள்ளம் வழியாகத் தருவை, சில வாரங்களில் பத்தமடைக்குக் கொஞ்சம் முன்னால் வரைக்கும். அறுத்த வயல்கள் காய்ந்து கிடக்கும். வாழைத்தோட்டம் வரும் இடத்தில் மட்டும் காற்றில் லேசாக ஒரு ஈரம் இருக்கும். அந்த இடம் வந்ததும் அவள் ஓட்டம் கொஞ்சம் மெதுவாகும். நானும் வண்டியை இன்னும் மெதுவாக்குவேன்.

தருவைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கடையை நடத்துகிறவர் என் வயதுள்ள ஒரு பெண். முதல் நாள் எங்களைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"ஏ அண்ணாச்சி, அந்தப் பொம்பளய வண்டில ஏத்துனா என்ன? எம்புட்டு தூரந்தான் ஓட விடுவீக?"

மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"ஜெயிச்சா என்ன தருவாங்க?"

"ஜெயிக்கல்லாம் மாட்டேன்க்கா. முடிச்சா ஒரு மெடல் உண்டு."

"முடிக்கிற எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

டீக்கடைக்கார அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டீக்குக் காசை எடுத்து நீட்டினேன்.

வீட்டில் எல்லாமே மெல்லத் தளர்ந்தது. சித்திரையில் அவளுக்கு விடைத்தாள் திருத்தும் முகாம். காலையில் பதினான்கு கிலோமீட்டர் ஓடிவிட்டு, சூடான காற்றையே சுற்றிச் சுற்றி விடும் மின்விசிறிகளுக்குக் கீழே நாள் முழுக்க உட்கார்ந்து திருத்துவாள். சாயங்காலம் விரலில் சிவப்பு மையோடு வந்து சேலையைக்கூட மாற்றாமல் சிமென்ட் தரையில் படுத்துவிடுவாள். இரவுச் சாப்பாடு தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். மறுநாளும் அதே. வீடு முழுக்கத் தைல வாசனை. அவளுடைய இடது பெருவிரல் நகம் முதலில் நீலமாகி, பிறகு கறுத்து, ஒருநாள் குளியலறையில் தனியாகக் கழன்று கிடந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். அவ்வளவுதான் தெம்பு இருந்தது.

அலுவலகத்தில் நான் தூங்க ஆரம்பித்திருந்தேன். பேனாவைக் கையில் பிடித்து, கோப்பைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டே தூங்கும் வித்தை வந்துவிட்டது. ஒரு நாள் ஆய்வுக் கூட்டத்தில், மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது, என் தலை முன்னால் சரிந்து மேசையில் முட்டியது. கூட்டம் முடிந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வீட்ல ஏதும் பிரச்சினையா சார்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"சுகர் பாத்தீங்களா?"

என் மனைவி ஓடுகிறாள், அதனால் எனக்குக் களைப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

கத்திரி தொடங்கியதும் விடிகாலை நாலு மணிக்கே சுவரைத் தொட்டால் சுட்டது. குழாயைத் திறந்தால் வெந்நீர். ஆறரைக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறிவிடும். ஒரு புதன்கிழமை, வண்ணார்பேட்டையில் முதல் டவுன் பஸ்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், அவள் திடீரென்று ஓடுவதை நிறுத்திவிட்டு நடந்தாள். நான் வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோனேன். அதுவரை கேட்காததை அன்று கேட்டேன்.

"இது எதுக்குன்னு சொல்லேன். சுகருக்குன்னா நடந்தாலே போதும்னு டாக்டரே சொல்லிட்டாரு."

துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்துல மணி அடிச்சா உள்ள போறேன், மணி அடிச்சா வெளிய வாரேன். வீட்டுக்கு வந்தா குக்கர் விசிலு. இதுல மட்டும் எப்ப நிப்பாட்டணும்னு நானே சொல்லிக்கிடுதேன்." பிறகு, "இப்பம் நிப்பாட்டலாம்னுதான் தோணுது" என்றாள். ஆனால் அடுத்த விளக்குக் கம்பத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கிவிட்டாள்.

சண்டை வைகாசி முதல் வாரத்தில் வந்தது. சட்டசபைக் கேள்வி ஒன்றுக்குப் பதில் தயாரிக்க வேண்டியிருந்ததால் அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வரவே நேரமாகிவிட்டது. மறுநாள் அவளுக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். அலாரம் அடித்தபோது நான் எழவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் ஓடாம விட்டுடேன்."

"திட்டத்துல இருக்கு அத்தான்."

"ஒன் திட்டத்துல நான் எங்கன இருக்கேன்? ரெண்டு மாசமா ஒழுங்கா ஒரு நாள் தூங்கிருக்கேனா? கேட்டியா நீ?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவள் முடிச்சை இறுக்கினாள். "சரி, நீங்க படுங்க" என்றாள். கேட் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடமே நான் தூங்கிப்போனேன்.

விழித்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது. சமையலறை முழுக்க வெயில். அவள் வரவில்லை. போன் செய்தேன். அது சமையல் மேடையில், சார்ஜரில் இருந்தபடியே அடித்தது. பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில்கள் முந்தின நாள் கழுவிக் கவிழ்த்த மாதிரியே இருந்தன. இரண்டையும் எடுத்து வைப்பது என் வேலை. கம்பு மட்டும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

மேலப்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக் கூட்டம். ஹாரன் அடித்து அடித்து அதற்குள் நுழைந்து வெளியே வந்தேன். சாலையில் தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு பெண்ணும் அவளாக இருந்து, பக்கத்தில் போனதும் வேறு யாரோ ஆனாள். முன்னீர்பள்ளம் தாண்டியதும் ஆக்சிலேட்டரை இன்னும் திருகினேன். அந்தச் சாலையை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அன்றுதான் கடந்தேன். எவ்வளவு நீளமான சாலை என்று அப்போதும் தோன்றியது.

தருவை டீக்கடை பெஞ்சில் இருந்தாள். தலையில் ஈரத்துண்டு. உதடு வெளுத்து, கன்னத்தில் உப்பு பூத்திருந்தது.

"எங்க போனீக அண்ணாச்சி?" கடைக்கார அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "இம்புட்டு நாளு கூடவே வந்துட்டு, இந்த வெயில்ல தனியா விட்ருக்கீகளே. ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டாவ. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு உப்பப் போட்டுக் குடுத்து உக்கார வச்சிருக்கேன்."

நான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். அவள் துண்டுக்குள்ளிருந்தே பேசினாள்.

"நீங்க வரலங்கிற கோவத்துல ஒண்ணும் தண்ணிய விட்டுட்டு வரல அத்தான். தண்ணி எடுக்கணும்னே நெனப்பு வரல. எப்பமும் நீங்கதான வச்சிருப்பீங்க."

நான் ஒரு டீ சொன்னேன். அது வந்து ஆறும்வரை குடிக்கவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அவள் காலடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. கடைக்கார அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாய்லரைப் பார்த்தார்.

அதன்பின் நான்கு நாட்கள் அவள் ஓடவில்லை. அந்த நாட்களில் நான் ஏழு மணி வரை தூங்கினேன். சந்தோஷமாகத் தூங்கினேன். மன்னிப்பு கேட்கவும் இல்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஐந்தாம் நாள் காபி கொடுக்கும்போது சொன்னாள்.

"இனி மைதானத்துலயே ஓடிக்கிடுதேன். நாய்த் தொந்தரவு இல்ல. தண்ணிய ஓரத்துல வச்சிக்கிடலாம். நீங்க தூங்குங்க."

"முப்பத்திரெண்டு கிலோமீட்டரையுமா?"

"எம்பது சுத்து."

எண்பது சுற்று. அதை நினைத்துப் பார்த்தாலே எனக்கு அலுப்பாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து நானும் எழுந்து, பாட்டில்களை நிரப்பிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். படிக்கட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து சுற்றுகளை எண்ணினேன். அவள் என்னைப் பார்த்ததும் "பதினெட்டு ஆயிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த சுற்றில் கையை மட்டும் நீட்டினாள். பாட்டிலைக் கொடுத்தேன்.

காலை நடைக்கு வந்த ஓய்வுபெற்றவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒங்க வீட்டம்மாவா தம்பி? எதுக்கு இப்பிடிச் சுத்துதாவ?"

"மாரத்தானுக்கு சார்."

"நீங்க ஓடலியா?"

"இல்ல சார். நான் எண்ணுதேன்."

அவர் தன் நடையைத் தொடர்ந்தார். ஐம்பது சுற்றைத் தாண்டியதும் வேப்பமர நிழல் என் மேல் விழுந்தது. கண் சொக்கியது. திடுக்கிட்டு விழித்தபோது அவள் எதிரே வந்துகொண்டிருந்தாள்.

"எத்தன?"

"அம்பத்தி மூணு. இல்ல, நாலு."

"மூணா, நாலா?"

நான் நோட்டைப் பார்த்தேன். கடைசிக் கோடு பாதியில் இழுபட்டு ஓரம் வரை போயிருந்தது.

"சரி, மூணுன்னே வைங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். அன்று அவள் எண்பத்தொரு சுற்று ஓடியிருக்கலாம். இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆனியில் மேற்கேயிருந்து சாரல் காற்று வந்தது. ஆற்றிலும் கால்வாய்களிலும் தண்ணீர் வந்தது. பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. வெயில் குறைந்ததே தவிர களைப்பு குறையவில்லை. அது கால்களிலிருந்து எங்கள் பேச்சுக்குள் வந்திருந்தது. உப்பு, பால், கரண்ட் பில் என்று ஒற்றைச் சொற்களிலேயே குடும்பம் நடத்தினோம்.

மதுரையில் அவள் ஐந்து மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடத்தில் ஓடி முடித்தாள். நான் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் வந்தபோது பெரிய பேனரின் ஒரு பக்கத்தை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு நின்றுபோயிருந்தது. ஒரு பெண் ஓடி வந்து அவள் கழுத்தில் மெடலைப் போட்டாள். நான் தண்ணீரைக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

"முடிஞ்சிட்டு" என்றாள்.

"ம்."

மத்தியானம் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினோம். அவளால் படி ஏற முடியவில்லை, பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் அவள். நான் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். விருதுநகர் தாண்டியபோது மகள் அவளுக்குப் போன் செய்தாள்.

"அப்பாவா? பக்கத்துல தூங்குதாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நல்லா எங்க ஓடுனேன்? முப்பத்தேழுக்கு மேல முடியல. நடந்தேன். ஒரு பெட்ரோல் பங்க் வாசல்ல உக்காந்து அழுதுட்டேன். அங்கனயே விட்டுட்டு ஆட்டோ பிடிச்சிருப்பேன், கைல பைசா இல்ல. ... இல்ல, அப்பாட்ட சொல்லல. நீயும் சொல்லாத. அவங்களே அலுத்துப்போய்க் கெடக்காங்க."

மகள் எதையோ கேட்டாள்.

"அடுத்த வருசமா? ஏட்டி, போ. மொதல்ல வீட்டுக்குப் போயித் தூங்கணும்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. அழுதுவிட்டு எழுந்து மிச்ச ஐந்து கிலோமீட்டரை எப்படி வந்தாள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் தூங்கவில்லை என்று தெரிந்துவிடும். அவள் எப்படியும் வீட்டில் ஒரு நாள் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன். கோவில்பட்டி வருவதற்குள் நிஜமாகவே தூங்கிவிட்டேன். அவளும் தூங்கியிருக்க வேண்டும். புதிய பேருந்து நிலையத்தில் பஸ் காலியான பிறகு கண்டக்டர்தான் வந்து எங்கள் இருவரையும் எழுப்பினார்.