மோர்மிளகாய்க்கு மேலே ஒரு வருஷத்துப் பாட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் இப்போது சாயாக்கடைகளைவிடக் காப்பிக்கடைகள் பெருகிவிட்டன. பழைய இஞ்சிக் கிடங்கு ஒன்றைச் சுண்ணாம்பு உதிர உதிர அப்படியே விட்டு, உள்ளே நாலு மூங்கில் விளக்கைத் தொங்கவிட்டு நடத்தும் கடை ஒன்றுக்குப் போன மாதம் போயிருந்தேன். சுவர் முழுக்க ஹார்டு ராக், மெட்டல் ஆல்பங்களின் அட்டைகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரே வருஷத்தில் வந்தவை. இந்த மாதிரி ஒரு வருஷம் இனி வரவே வராது என்று தாடி வைத்த பையன் ஒருவன் எனக்குப் பாடம் எடுத்தான். வந்த கோபத்தில் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அந்த அட்டைகளில் முக்கால்வாசி எங்கள் வீட்டுப் பிஸ்கட் டப்பாவுக்குள் கேசட்டுகளாக இருந்தவை. அவற்றுக்கு நேர்ந்த கதியை அவனிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா இஞ்சிக் கிடங்கில் மூட்டை தூக்கினார். அம்மா மொட்டை மாடியில் மோர்மிளகாய் காயவைத்து ஓட்டல்களுக்குப் போட்டாள். பத்தாவதோடு படிப்பு நிறுத்தப்பட்ட அக்கா, படகுத்துறைப் பக்கம் ஒரு கேசட் கடையில் நின்றாள். அந்தக் கடைச் சேட்டனுக்கு ஒரு சமயம் புத்தி பிசகி, வெள்ளைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று நம்பி, அந்த வருஷம் வந்த மெட்டல் ஆல்பங்களையெல்லாம் மொத்தமாக வரவழைத்துவிட்டார். வந்த வெள்ளைக்காரர்கள் கதகளிப் பாட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். சரக்கு தூசி படிந்து கிடந்தது. ஓணத்துக்கு மற்ற கடைகளில் வேலைக்கு நிற்பவர்களுக்கெல்லாம் புதுத்துணி. எங்கள் அக்காவுக்கு மட்டும் விற்காத கேசட்டுகள். அதையும் ஏதோ தங்கம் கொடுப்பதுபோல் சிரித்துக்கொண்டே கொடுத்தாராம் அந்த மனுஷன்.

அவர் கெட்ட எண்ணத்தில் கொடுத்ததை அக்கா நல்லபடியாக வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கதவைச் சாத்திவிட்டு டேப்ரிக்கார்டரைச் சின்னதாக வைப்பாள். ஆளுக்கொரு பக்கம் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொள்வோம். கடையில் நாள் முழுக்க ‘சரி சேட்டா, ஆச்சு சேட்டா’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லாதவள், பின்னலை அவிழ்த்துவிட்டு, அரிசி டிரம்மின் மூடியை இரண்டு கரண்டியால் போட்டு அடி அடியென்று அடிப்பாள். எங்களுக்குப் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எந்தக் கேசட்டானாலும் கிடார் ஒரு இழுப்பு இழுத்ததுமே எது என்று நான் சொல்லிவிடுவேன். அம்மா அட்டைகளைப் பார்ப்பாள். இடுப்புவரை முடி வளர்த்துக்கொண்டு முறைக்கும் ஆண்களைப் பார்த்து, “எந்தக் கோயிலுக்குடீ நேர்ந்து விட்ருக்கானுங்க? சட்டுனு மொட்டையப் போட்டுட்டு வந்தா மொகம் தெளியுமே” என்பாள். அவள் கேலி செய்யவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள்.

இந்த நேரத்தில்தான் பெரிய மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் அண்ணன், வைட்டிலாவில் ஓர் ஓட்டலில் சரக்கு மாஸ்டர். குழம்பில் உப்புப் போடுகிற அதே தைரியத்தோடு அடுத்தவர் வாழ்க்கையிலும் கை வைப்பார். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அக்காவுக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வீட்டார் மைக்செட் போடுகிறவர்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே கேசட் நிறைந்த பிஸ்கட் டப்பா அவர் கண்ணில் பட்டுவிட்டது. சீர் சாமான்களோடு இந்தக் கேசட்டுகளையும் கொடுத்துவிடுவதாக அவராகவே மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவே வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

பாட்டு பதிந்த கேசட்டின் முதுகில் சின்னதாக இரண்டு குழி இருக்கும். அதில் காகிதத்தைத் திணித்து அடைத்துவிட்டால் பழைய பாட்டை அழித்து மேலே வேறு பாட்டைப் பதியலாம். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் செய்ததுதான். “டேப்புல என்ன நல்ல டேப்பு கெட்ட டேப்பு? குழிய அடச்சு மாரியம்மன் பாட்டப் பதிஞ்சா முடிஞ்சுது சோலி” என்றார் மாமா.

அக்கா, “அது என்னோடது மாமா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

“உன்னோடதுதான? உன்கூடவேதான வருது?”

அப்பா சிரித்தார். மாமா எது சொன்னாலும் சிரிப்பது அவர் வழக்கம். எனக்கு மாரியம்மனோடு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அவளுக்கென்று வேறு கேசட்டே உலகத்தில் கிடைக்காதா?

சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். மாடியில் ஊய்ங் என்று ஒரு சத்தம். ஏறிப் பார்த்தால், மோர்மிளகாய் காய்கிற பாய்களுக்கு மேலே, கம்புக்குக் கம்பு பழுப்பு நாடா கட்டியிருந்தது. அப்பாவின் ஊரில் சோளக்காட்டில் குருவி விரட்ட இப்படித்தான் கட்டுவார்களாம். நாடா வெயிலில் மின்னும், காற்றில் உறுமும், பறவை கிட்டே வராது. காயல் காற்றில் ஒரு வருஷத்துப் பாட்டு மொத்தமும் மிளகாய்க்குக் காவல் நின்றுகொண்டிருந்தது. ஓரமாகக் காலிக் கேசட் கூடுகள் அடுக்கியிருந்தன. பொடிப்பொடித் திருகாணிகள் ஒரு சிரட்டையில் பத்திரமாகக் கிடந்தன. அம்மா மிளகாயைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. கைக்கு எட்டிய நாடாவையெல்லாம் பிடித்து அறுத்தேன். காக்கைகள் அதற்காகவே காத்திருந்ததுபோல் இறங்கின. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். நான் அவளைக் கொலைகாரி என்று கத்தினேன். பக்கத்து மாடிச் சேச்சி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். அம்மா காக்கைகளை விரட்டிவிட்டு மறுபடி மிளகாயைத் திருப்ப உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அக்கா வந்ததும் அவள் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வீடு இரண்டுபடும் என்று எதிர்பார்த்தேன். அவளோ நான் அறுத்ததையெல்லாம் முடிச்சுப் போட்டுத் திரும்பக் கட்டினாள். “முறுக்கிக் கட்டணும்டீ, அப்பதான் சத்தம் வரும்” என்றாள். இப்படி ஒரு சொரணை கெட்டவளா என் அக்கா என்று அவளோடும் பேச்சை நிறுத்தினேன்.

மறுநாள் மாமா வந்து ஆடித் தீர்த்தார். கொடுத்த வாக்கு போச்சு, மானம் போச்சு என்றார். “காக்கா தொல்லை தாங்கல அண்ணே. நாந்தான் உருவிக் கட்டினேன்” என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். நன்றாக வேண்டும் என்று எனக்கிருந்தது. அவள் போட்ட சோற்றை அன்று நான் தொடவில்லை.

அம்மாவுக்கு ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. கேசட்டை உடைக்கச் சொன்னால் அம்மிக்குழவியைத்தான் எடுப்பாள். கடையில் சிக்கிய நாடாவை எடுக்கத் திருகாணி கழற்றிப் பழகிய கை அக்காவுடையது. சிரட்டையைப் பார்த்த எனக்கு இது உறைக்கவில்லை. பல வருஷம் கழித்து, அம்மா இறந்து காரியம் முடிந்த அன்றுதான் அக்கா வாய் திறந்தாள். அந்தச் சனிக்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் அவளே எல்லாவற்றையும் உருவினாளாம். அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மா. யார் கேட்டாலும் நான்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன், நீ கடைக்குப் போ என்றாளாம்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நான் மாமாவிடம் உளறிவிடுவேன் என்று பயந்திருப்பார்கள், அந்தப் பயமும் நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அக்காவிடம் கேசட்டைக் கொடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணம் வேண்டுமா என்றும் யாரும் கேட்கவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் அவர்கள் இருவராலும் தடுக்க முடிந்தது. நான் கேசட்டுக்காக அழுதேன். கல்யாணத்தன்று புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டு மைக்செட்டின் முன்னால் நின்று ஆடினேன்.