பதினோரு தேங்காயும் ஒரு மாரடைப்பும்

வீட்டுத் தென்னையில் காய்த்த பதினோரு தேங்காயை ஒரே பையில் திணித்து, வாரை மார்புக்குக் குறுக்கே மாட்டி, நாகர்கோவிலிலிருந்து பழவங்காடிப் பிள்ளையாருக்கு நடந்தேன். மூன்றாம் நாள் மாலை, திருவனந்தபுரத்தின் வாசலில், கரமனைப் பாலத்தில் நெஞ்சை அடைத்தது. சாகப்போகிறவன் பொய் வைத்துக்கொண்டு போகலாமா? மனைவிக்கு ஃபோன் போட்டேன்.

"பிரஷர் மாத்திரையை ஆறு மாசமா பூந்தொட்டியிலதான் போட்டேன். மன்னிச்சிரு!"

ஆட்டோவை நிறுத்தி ஓடிவந்த டிரைவர் பையைக் கழற்றினார். உடனே மூச்சு வந்துவிட்டது!

"அண்ணாச்சி, தேங்காய் கோயில் நடையில கிட்டுமல்லோ?"

"வீட்டுக் காய்தான் உடைப்பேன்னு வேண்டுதல்."

"எங்கில் சரி, நீங்க நடங்க. தேங்காய் ஆட்டோவில வரட்டும்."

கோயில்வரை என் கூடவே ஆட்டோவை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையார் முன்னால் பதினோரு காயும் சிதறின.

இப்போது தினமும் மாத்திரையை விழுங்கி, மனைவியிடம் வாயைத் திறந்து காட்டுகிறேன். சொன்னதில் வருத்தமில்லை.