தண்ணீர் மேல் விழுந்த பழி

அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர்த் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மின் நிலையத்தில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தேன். தேக்காவில் காலை பஸ் பிடித்தால் ஏழரைக்குள் போய்விடலாம். கொதிகலன்களுக்குள் போகும் தண்ணீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அங்கே பெண்கள் மூன்றே பேர்; மற்ற இருவரும் தட்டச்சு செய்பவர்கள்.

ஓராண்டுக்குள் ஒரே கொதிகலனில் இரண்டு முறை குழாய் வெடித்தது. நீராவியை மேலும் சூடாக்க, நிலக்கரி நெருப்பின் பாதையில் தொங்கவிட்டிருக்கும் குழாய்கள் அவை. இரண்டாவது முறை ஒரு தொழிலாளியின் கை வெந்துபோனது. தலைமைப் பொறியாளரான வெள்ளைக்காரர் என்னைக் கூப்பிட்டார். தண்ணீரில் உப்பு கூடிவிட்டது, அது குழாயை உள்ளிருந்து அரிக்கிறது, நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றார். பதிவேடுகளைக் கொண்டுபோய் மேசையில் விரித்தேன். அவர் புரட்டவே இல்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க மனம் வரவில்லை.

கொதிகலனைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். நாகூர்ப் பக்கம். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர், ஆனாலும் எல்லாருக்கும் அவர் பாய். ஆய்வுக்கூடத்து வாசலில் நின்று கேட்டார்.

"ஒங்க தண்ணியத்தான் குத்தம் சொல்றாங்களாமே?"

"ஆமா பாய். வேலையே போயிடும் போலிருக்கு."

"வெடிச்ச குழாய்க்குள்ள வெரல விட்டுப் பாத்தேன், வழவழன்னு இருக்கு. வெளியிலதான் எதோ தின்னிருக்கு. ஆனா நம்ம ஆளுங்க சாம்பல சுரண்டிட்டுத்தானே குழாயப் பாக்குறாங்க? சாட்சிய கழுவிட்டு விசாரிச்சா எப்படி?"

அந்தக் கேள்வி அங்கிருந்த வேறு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அடுத்த வாரம் கொதிகலனை நிறுத்தினார்கள். ஆறுவதற்கு இரண்டு நாள். ஒரு வரிசைக் குழாய்களில் யாரும் கை வைக்கக்கூடாது என்று மேஸ்திரியிடம் சண்டை போட்டு, பாய் அதை அப்படியே காப்பாற்றினார். பிறகு சாம்பல் உதிராமல் துணி சுற்றி, ஒரு முழ நீளத்துக்குக் குழாயை அறுத்து, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

மேலே பொலபொலவென்று சாம்பல். அதற்கு அடியில் சுண்ணாம்பு பூசினதுபோல் வெள்ளையாக ஒரு கெட்டிப் படலம். உளியால் தட்டினால்தான் பெயர்ந்தது. அதில் கொஞ்சத்தைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, நீல லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவந்துவிட்டது; அமிலம்தான். சாம்பலிலிருந்த உப்பும் கந்தகமும் சேர்ந்து, அந்தச் சூட்டில் உருகி, இரும்போடு ஒட்டிக்கொண்டு தின்றிருக்கின்றன. நெருப்புக்கு நேரே இருந்த முகம் நன்றாகவே இருந்தது. அதற்கு இரு பக்கமும்தான் குழாயின் கனம் பாதியாகத் தேய்ந்திருந்தது. எப்போதும் முகத்தை மட்டும் அளந்து பார்த்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

குழாயையும் சிவந்த தாளையும் பொறியாளர் மேசையில் வைத்தோம். குழாயை அவர் கையில் எடுத்தார். குழாயின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வெள்ளைச் சட்டையோடு பாய்க்குப் பின்னால் கொதிகலன் துவாரத்துக்குள் தவழ்ந்து போனார். ஒரு மணி நேரம் கழித்து, தலைமுதல் கால்வரை கரியாக வெளியே வந்தவர், நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அப்போதுதான் பதிவேட்டைத் திறந்து படித்தார்.

அந்த வரிசை முழுவதையும் மாற்றினார்கள். புதுக் குழாய்களுக்குத் துருப்பிடிக்காத எஃகில் கவசம் போட்டார்கள். நீராவியின் சூட்டையும் சற்றுக் குறைத்தார்கள். நான் அங்கிருந்தவரை அந்தக் கொதிகலனில் குழாய் வெடிக்கவில்லை. கை வெந்தவரும் இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். பாய் பார்த்த பிறகே சாம்பலைச் சுரண்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அறிக்கையில் ஆய்வுக்கூடத்தின் பெயர் மட்டுமே இருந்தது. தட்டச்சு செய்த பெண்ணிடம் சொல்லி, கண்டுபிடித்தவர் ஃபிட்டர் என்று ஒரு வரி சேர்க்க வைத்தேன். அதைப் பாயிடம் படித்துக் காட்டியபோது கூச்சத்தோடு சிரித்தார்.

"அதெல்லாம் எதுக்கு லா? அடுத்த தடவ நிறுத்தும்போது நீங்களும் உள்ள வந்து பாருங்க."

இரவலாக ஒரு கால்சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். டார்ச் வெளிச்சத்தில் பாய் ஒவ்வொரு குழாயாகக் கையால் தடவிக்கொண்டே முன்னே போனார். நான் எண்ணிக் குறித்துக்கொண்டே பின்னால் தவழ்ந்தேன்.