குருவிக்கு விதைத்த வயல்

பாஸ்போட் எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் அந்த வருசம் நாங்கள் விதைத்தோம். இந்த வேளாண்மையும் போனால், தை பிறந்ததும் நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவது என்று பேச்சு. கடைசி மகளுக்கு அப்போது ஒரு பால்பல்லும் விழவில்லை. அவளிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கட காணி வாகரைப் பக்கம், வாவியோடு ஒட்டின பள்ளம். சுனாமியன்றைக்குக் கடல் வாவிக்குள்ளால் ஏறி வந்து வயல் முழுக்க உப்பைக் கொட்டிவிட்டுப் போனது. அந்த உப்பு மழையில் கழுவுப்பட முன்னமே சண்டை வந்து எங்களைக் கிளப்பியது. சண்டையும் முடிந்தது, அப்பாடா, இனியாவது நிம்மதியாக விதைக்கலாம் என்று திரும்பி வந்தால், மழைக்கு விசர் பிடித்துவிட்டது. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தால் வராது. கதிர் முற்றி, வெட்டுவதற்கு ஆள் சொல்லிவைத்த நேரம் பார்த்து வந்து ஊத்தும். முதல் வருசம் விளைந்த நெல்லு தண்ணிக்குள் கிடந்து முளைத்தது. அடுத்த வருசமும் அதே கதை. அதற்குப் பிறகுதான் பாஸ்போட்.

எங்கட வட்டையில், அந்த வயல்வெளி முழுக்க, ஒரு கட்டுப்பாடு. விதைப்புக்கு முன்னம் வட்டை விதானையார் கூட்டம் வைப்பார். எல்லாரும் ஒரே கிழமைக்குள், ஒரே வயது நெல்லுத்தான் விதைக்க வேண்டும். எப்போதும் நாலு மாத நெல்லு. சும்மா வைத்த சட்டமில்லை அது. ஒரு வயல் மட்டும் முந்தி விளைந்தால் ஊர்க் குருவி முழுக்க அதில்தான் இறங்கும்.

அந்தக் கூட்டத்தில் நான் எழும்பினேன்.

"நாங்க இந்த முறை மூண்டு மாத நெல்லு விதைக்கப் போறம்."

விதானையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "என்னகா புள்ள, குருவிக்கோ விதைக்கப் போறாய்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! "குருவியக் கலைக்கலாம் விதானையார். வெள்ளத்தக் கலைக்க ஏலுமா?"

கூட்டம் முடிந்து என் மனிசனும் நானும் வீட்டுக்கு நடந்தோம். படலையைத் திறக்கும்போதுதான், "என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னா விட்டிருப்பீங்களோ?"

"இல்ல."

அதோடு சரி. மறுநாள் விடிய அவரே பஸ் ஏறிக் கரடியனாற்றுக்குப் போய் மூன்று மாத விதை வாங்கி வந்தார். அவருக்குக் கோபம் வேறு, வேலை வேறு.

விதானையார் சொன்னது பொய்யில்லை. மார்கழியில் சுற்றிவரப் பச்சை, நடுவில் எங்கட வயல் மட்டும் பழுத்துக்கொண்டு வந்தது. ஐயோ, அது என்ன குருவி! பால்மா டின்னைத் தட்டினோம். பழைய கசெட் நாடாவை வரம்புக்கு வரம்பு இழுத்துக் கட்டினோம், காத்துக்கு அது விர்ரென்று இரையும். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வீட்டில் பிள்ளைகளோடு கையால்தான் கதை. வரம்பால் போகிறவர்கள், "விருந்து எப்பிடிப் போகுது?" என்று கேட்பார்கள். நான் திருப்பிச் சொன்னதை இதில் எழுத ஏலாது. வாவிப் பக்க மூலை முழுக்கப் பதராய்ப் போனது. அந்த மூலையைப் பார்க்கும் நேரமெல்லாம் எனக்குக் குவைத்துத்தான் ஞாபகம் வரும்.

வெட்டுகிற நேரம் வந்தது இன்னொரு வில்லங்கம். மற்றவர்களின் பச்சைப் பயிரை மிதித்துக்கொண்டு உள்ளே வர ஏலாது என்று வெட்டு மெசின்காரன் திரும்பிப் போய்விட்டான். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. அரிவாளைத் தூக்கிக்கொண்டு நானும் மனிசனும் இறங்கினோம், அக்காவும் மச்சானும் வந்தார்கள். வெயில் ஏற விதானையாரும் வந்தார், கையில் அரிவாளோடு.

"குருவி மிச்சம் ஏதும் வச்சிருக்கோ எண்டு பாக்க வந்தன்" என்றார். பிறகு பொழுது சாயும்வரை குனிந்த தலை நிமிரவில்லை.

சூடடித்து, நெல்லைக் காயவைத்து, மூட்டை கட்டி வீட்டுக்குள் ஏற்றினோம். தை பிறந்து கொஞ்ச நாளில் மழை பிடித்தது. வட்டை முழுக்க வெள்ளம். எங்கட வயலிலும்தான் நின்றது. நிற்கட்டும், அதில் இப்போது அடிக்கட்டைதானே! மற்றவர்களின் கதிர் தண்ணிக்குள் கிடந்ததைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. என்றாலும் பொய் சொல்லமாட்டேன், வீட்டு மூட்டைகளை நினைக்க நெஞ்சு குளிர்ந்தது. விதானையார் வெள்ளத்துக்குள்ளால் நடந்து வந்து, "அந்தக் குருவி நெல்லில விதைக்குக் கொஞ்சம் எடுத்து வைகா" என்று கேட்டார். அடுத்த போகம் வட்டை முழுக்க அதைத்தான் விதைத்தார்கள்.

வெள்ளம் வடிந்த கையோடு கல்லடியில் இருந்து, குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் வந்தார். நான் அடுப்படியில் புது அரிசி பொங்கிக்கொண்டிருந்தேன். மெடிக்கலுக்குத் திங்கட்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று வாசலில் சொல்வது கேட்டது. என் கை அகப்பையோடு நின்றுவிட்டது.

"உள்ளுக்கு வாங்கோ, புதுசரிசிப் பொங்கல், சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார் மனிசன். பிறகு, "அவ வரமாட்டா."

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. சின்னவள் ஓடிவந்து சீலையைப் பிடித்தாள்.

"எங்க போகமாட்டீங்க, அம்மா?"

"ஒரு இடத்துக்கும் போகமாட்டன், மகள்."

"கடைக்கும் போகமாட்டீங்களா?" என்று கேட்டாள்.