ஒரு பிடி மண்கூட எடுக்காதவர்

திண்டிவனம் பக்கத்தில் எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் மின்கோபுரத்துக்கு இடம் குறிக்க வந்தவர், ஷூவை வரப்பிலேயே கழற்றிவிட்டுத்தான் இறங்கினார். மிதிபட்ட கடலைச் செடியை நிமிர்த்தி வைத்தார். பிறகு நட்டநடுவில் நான்கு முளைகளை அடித்தார்.

“நாலு காலுக்கு நடுவுல தாராளமா பயிர் வெச்சிக்கலாங்க.”

“கம்பிக்குக் கீழ என் பொண்ணு களை எடுக்கலாமா சார்?”

“பயமே வேணாங்க. மழை, இடின்னா மட்டும் வரவேணாம்னு சொல்லுங்க.”

“மானாவாரி சார். மழை பெஞ்சாதான் இங்க வேலையே.”

அவர் யோசித்தார். “பொண்ண படிக்க வைங்க.”

“விவசாயந்தான் சார் படிச்சிட்டு வந்திருக்கா.”

அவர் வரப்பில் உட்கார்ந்து, பாதத்து மண்ணையெல்லாம் எங்கள் நிலத்திலேயே தட்டிவிட்டு ஷூவை மாட்டினார்.

இப்போது கோபுரம் நிற்கிறது; வானம் கறுத்தாலே மகளைத் தேடி ஓடுகிறேன். அவரைத் திட்டத்தான் வாய் வரவில்லை. ஒரு பிடி மண்ணைக்கூட அவர் எடுத்துப் போகவில்லையே.