மருமகனின் புகை அலுமாரி

மருமகன் கட்டாரிலிருந்து வந்து சில கிழமைகள் கழித்துத்தான் அவருடைய கார்கோப் பெட்டி வந்து சேர்ந்தது. போர்வை, பால்மா, அத்தர் என்று வீட்டுப் பெண்கள் ஆளுக்கொன்றை எதிர்பார்த்திருந்தார்கள். பலகையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இடுப்புக்கு மேல் உயரமான ஒரு கறுப்பு இரும்பு அலுமாரி. கண்ணாடி வைத்த கதவு, கம்பித் தட்டுகள், உச்சியில் புகை போகத் திறந்து சாத்தும் ஒரு மூடி, அடியில் ஒரு கேஸ் அடுப்பு. என் மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கச்சேரியில் நான் விட்டுவந்த ஃபைல்களை வைப்பதற்கா என்று கேட்டார்.

அது இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் பெட்டி. அடுப்புக்கு மேலே ஒரு தட்டில் விறகுத் துண்டுகள், அதற்கு மேலே தண்ணீர்ச் சட்டி, அதற்கும் மேலே இறைச்சி. கேஸ் நெருப்பு விறகைக் கருக்கும், மிச்சத்தைப் புகை பார்த்துக்கொள்ளும். விடிய சுபஹ் தொழுகைக்குப் பிறகு வைத்தால் பின்னேரம் அஸர் வரையும் பொறுத்திருக்க வேண்டும். மருமகன் அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் இந்த வேலைதான் பார்த்தவர். ஹோட்டல் கைமாறியதும் ஆட்களைக் குறைத்தார்கள். அதில் இவரும் போனார்.

அறுகம்பையில் வெள்ளைக்காரருக்கு விடுதி நடத்தும் கூட்டாளி ஒருவர் அவருக்கு இருக்கிறார். சீசன் தொடங்கமுன் ஒரு பெரிய துண்டு மாட்டிறைச்சியைப் புகையிட்டுக் கொண்டுவா, பிடித்தால் ஒவ்வொரு கிழமையும் எடுக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் மறுபடியும் வெளிநாடுதான். பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜென்டின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. என் பேத்திக்கு வாப்பா என்றால் ஒரு போன். ஆளைக் காட்டி "வாப்பா எங்க?" என்று கேட்டால் பிள்ளை போனைத்தான் தேடும். மகள் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஓயாமல் கதைக்கிறவள் பேசாமல் இருந்ததால் எங்களுக்குப் பயமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் மனைவியும் குசினிக்குப் பின்னால் கட்டிய இரண்டு அறைக்குள் ஒதுங்கிக்கொண்டோம். ஆகவே வளவும் என்னுடையதல்ல, அலுமாரியும் என்னுடையதல்ல. ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும் மிச்சமிருந்தது. அதையும் நேரே சொல்ல முடியாது. மாமனாரும் மருமகனும் முகம் பார்த்து அதிகம் கதைப்பதில்லை. நான் வளவுக்குள் வந்தால் அவர் எழும்பிப் போவார். அவர் நின்றால் நான் செருமிவிட்டு வேறு பக்கம் போவேன். இது பகையல்ல, மரியாதை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வோம், அவள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

அலுமாரியோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். ஆகவே முதல் நாள் அடுப்பில் ஊதுபத்தி அளவுக்கு நெருப்பு எரிந்தபோது காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டு அடுப்பின் ரெகுலேட்டரை மாட்டியிருந்தார்கள், அதன் அமுக்கம் இதற்குக் காணாது. ஹோட்டல் அடுப்புகளுக்கு விற்கும், கூட்டிக் குறைக்கக்கூடிய ரெகுலேட்டர் வேண்டும் என்று மகளிடம் சொல்லியனுப்பினேன். அதை வாங்கத்தான் அவர் பஸாருக்குப் போயிருக்கிறார் என்று பதில் வந்தது.

நாடெங்கும் கேஸ் சிலிண்டர் வெடித்த காலத்திலிருந்து என் மனைவி விறகடுப்புக்கு மாறியவர். புது ரெகுலேட்டரை மாட்டிய அன்று நான் சவர்க்கார நுரையை மூட்டு மூட்டாகத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். அவர் எட்ட நின்று ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினார். எங்கேயும் ஒழுகவில்லை. அதற்குத் தான் ஓதியதுதான் காரணம் என்று அவருக்கு இன்றுவரை நம்பிக்கை.

பிறகு திருத்த வேலைகள். கதவு விளிம்பால் புகை கசிந்தது, நெருப்புத் தாங்கும் கயிற்றை ஒட்டினோம். விறகு வைக்கும் மெல்லிய தட்டில் கொய்யாக் கட்டைத் துண்டுகள் புகையாமல் பற்றி எரிந்தன, அதை எடுத்துவிட்டுத் தடித்த இரும்புச் சட்டி ஒன்றை வைத்தோம். பகலில் கடற்காற்று எழும்பி நெருப்பை அணைத்தது, அந்தப் பக்கம் தகரம் மறைத்தோம். கதவில் இருந்த வெப்பமானியைக் கழற்றிக் கொதிநீரில் வைத்துப் பார்த்தேன். நூறு காட்ட வேண்டியது மிகவும் கீழே நின்றது, புதியதொன்றை மாட்டினோம். ஒட்டினோம், வைத்தோம் என்று எழுதுகிறேனே தவிர, ஒரு வேலையையும் நாங்கள் ஒன்றாக நின்று செய்யவில்லை. காலையில் நான் செய்தேன், மாலையில் அவர் செய்தார்.

முதல் பரீட்சையில் இறைச்சி வெளியே கரி, உள்ளே பச்சை. மேலே ஒரு கசப்பு, நிலவேம்பு குடித்த மாதிரி. ரெகுலேட்டர் பழுது என்று நான் சொல்லியனுப்பினேன். காற்றுதான் காரணம் என்று அங்கிருந்து வந்தது. இரண்டையும் திருத்தி இரண்டாம் முறை வைத்தோம். அதே கரி, அதே கசப்பு. பூனை கூட யோசித்துத்தான் தின்றது. இதற்குள் ஏஜென்ட் போன் எடுத்து, மெடிக்கல் பரிசோதனைக்கு வரும் கிழமை வரச் சொல்லியிருந்தார். இன்னொரு முறை பார்க்கத்தான் நேரமிருந்தது.

பெட்டியில் என்ன குறையென்று நான் கையேட்டை மறுபடி விரித்தபோது மகள் வந்து முன்னால் நின்றாள்.

"வாப்பா, பெட்டியில ஒரு பழுதும் இல்ல. நீங்க கேஸ் குமிழக் குறைக்கிறீங்க, நீங்க அங்கால போனதும் அவர் வந்து கூட்டுறார். நீங்க மேல் மூடியச் சாத்துறீங்க, அவர் திறக்கார். இண்டைக்கு முழுக்க யன்னலால பார்த்துக்கொண்டு நிண்ட நான்."

அப்படியென்றால் மேல் மூடியைத் திறக்க வேண்டாமென்று அவரிடம் போய்ச் சொல் என்றேன்.

"நான் ஒருத்தர்ட கதையையும் இனிக் கொண்டுபோக மாட்டன். ரெண்டு பேருக்கும் வாய் இரிக்கிதானே."

சூடு ஏறினால் நான் குறைத்திருக்கிறேன். குறைந்திருப்பதைக் கண்டு அவர் கூட்டியிருக்கிறார். நாள் முழுக்க ஒருவர் மீது ஒருவர் வைத்த மரியாதையில் இறைச்சி வெந்தும் வேகாமலும் கிடந்திருக்கிறது.

கடைசி நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பெட்டிக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். மகளின் வேலை. மருமகன் இறைச்சியை அடுக்கிவிட்டு என்னைக் கண்டதும் போகப் பார்த்தார். "இருங்க மகன்" என்றேன். கதிரையின் நுனியில், எழும்புவதற்கு வசதியாக, இருந்தார். சிறிது நேரத்தில் வெப்பமானியின் முள் மேலே ஏறியது. இரண்டு பேருடைய கையும் குமிழுக்கு ஒன்றாக எழும்பியது. அவர்தான் முதலில் கதைத்தார்.

"மாமா, மேல் மூடியச் சாத்தினா புகை உள்ளுக்கு நிண்டு கசக்கும்."

"கையேட்டிலயும் அப்பிடித்தான் கிடக்கு."

பிறகு ஏன் சாத்தினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். இறைச்சியைப் பார்க்கும் ஆசையில் அவர் கதவை அடிக்கடி திறந்து சூட்டை வெளியே விடுவதை நானும் சொன்னேன். ஓம் என்று தலையசைத்தார். குமிழ் அவர் பொறுப்பு, தண்ணீர்ச் சட்டியும் விறகும் என் பொறுப்பு என்று முடிவானது.

முள் தானாகவே இறங்கி நூற்றுப்பத்துக்குக் கிட்ட நின்றது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கதைக்க வேண்டியதாயிற்று. அந்த ஹோட்டல் குசினியின் வெக்கையைப் பற்றிச் சொன்னார். நூறு பேருக்குச் சமைத்துவிட்டுத் தனியே ரொட்டியும் பருப்பும் தின்ற நாட்களைப் பற்றிச் சொன்னார். ஒரு கையெழுத்துக்காக ஃபைல் மேசை மேசையாக ஊர்ந்த விதத்தை நான் சொன்னேன். அவர் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

அஸருக்குப் பிறகு இறைச்சியை எடுத்துத் துவாயால் சுற்றி ஆறவிட்டு, ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினோம். மேல் பொருக்குக்குக் கீழே புகை ஏறிய சிவப்பு வளையம், உள்ளே ஈரம். மனைவி மென்று பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கிறது, அப்போ முன்னுக்குச் செய்ததெல்லாம் என்ன என்று கேட்டார். நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மருமகன் இறைச்சி வைத்த வெள்ளை ரெஜிபோம் பெட்டியோடு அறுகம்பைக்குப் போனார். பகல் லுஹர் தாண்டியும் போன் இல்லை. எடுத்தால் வேலை செய்யவில்லை. மகள் கூட்டிய வளவையே திரும்பக் கூட்டினாள். நான் ஒரே பத்திரிகைப் பக்கத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். பொழுதுபட்டு மஃரிபுக்கு முன் வாசல் படலை திறந்தது. போனில் சார்ஜ் இல்லையாம். படலையடியில் நான் நின்றதால் என்னிடம்தான் முதலில் சொன்னார்.

"மாமா, எடுத்திட்டாங்க. கிழமைக்கு ரெண்டு தரம் வேணுமாம்."

உள்ளே கேட்டுக்கொண்டு நின்ற மகள் குசினிப் படியில் அப்படியே இருந்துவிட்டாள். என் மனைவி அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னது பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த நாள் காலை அவருடைய மோட்டார் சைக்கிளில் நான் பின்னால் ஏற, இருவரும் போய்ப் பாஸ்போர்ட்டைத் திருப்பி எடுத்தோம். இந்தப் பயணத்துக்கு இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள் என்றார் ஏஜென்ட். அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்று சொன்னேன். வரும் வழியில் இறைச்சிக்கடையில் நெஞ்சுப் பக்கத்துத் துண்டுக்குச் சொன்னோம். யாருக்குக் கல்யாணம் என்று கடைக்காரர் கேட்டார். கல்யாணமில்லை, ஒவ்வொரு கிழமையும் வேண்டும் என்றார் மருமகன்.

பகல் சாப்பிட்டுப் படுத்தவன் அஸர் பாங்கு கேட்டுத்தான் கண் விழித்தேன். முன் வீட்டில் மகள் பழையபடி எதற்கோ புருஷனைப் பெரிய சத்தத்தில் ஏசிக்கொண்டிருந்தாள். எழும்பாமல் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.